பஞ்சு எங்கிருந்து?

ஒரு நாடு உடையத் தொடங்குவது அதன் எல்லையில்தான் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருமனதாக நம்பி வருகிறார்கள். இது பிழை. சாதாரணப் பிழையல்ல, பல தலைமுறைகளாகத் திருத்த ஆளில்லாமல் கிடக்கும் பெரும்பிழை. இதை நம்பித்தான் எல்லைக்குப் படை அனுப்புகிறார்கள், வரைபடத்தில் சிவப்பு மை தடவுகிறார்கள், அதற்குள் உடைசல் வேறொரு இடத்தில் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. நாடு உடையத் தொடங்குவது சாப்பாட்டுத் தட்டில். சான்று கேட்பவர்கள் எத்தியோப்பியாவின் தெற்கே, ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் மாணவர் உணவகத்துக்குப் போய், சமையல்கட்டுச் சுவரோரம் கவிழ்த்து அடுக்கிய பெரிய தட்டுகளை எண்ணிப் பார்க்கலாம். பொருளாதாரத் துறையின் டாக்டர் தெய்வசிகாமணி எண்ணியிருக்கிறார். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுத் தாம்பாளத்தைவிட அகலம். போன வருஷம் வரை அதில் இஞ்செராவை விரித்து, அதாவது புளித்த மாவில் சுட்டு எடுத்த, ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லத்தக்க அந்தப் பெரிய தோசையை விரித்து, நடுவில் குழம்பை ஊற்றி, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஆறு பக்கத்திலிருந்தும் பிய்த்துத் தின்றார்கள். இந்த வருஷம் உணவகக்காரர் சின்னத் தட்டுகள் வாங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கு ஒன்று, அதுவும் ஒரே மொழி பேசும் இரண்டு பேருக்கு. இந்தக் கண்டுபிடிப்பைத் தெய்வசிகாமணி இன்னும் எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. அடிக்குறிப்புக்கு ஆதாரமாக உணவகக்காரரின் பெயரை மட்டும் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதை அவர் நினைத்துக்கொண்டிருந்தது தேர்வு அறையில், நின்றபடி, சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டோடு. மணி ஒன்பது பத்து. இந்த ஊர்க் கணக்கில் மூன்று பத்து, ஏனென்றால் இங்கே விடிந்ததிலிருந்துதான் மணியை எண்ணுகிறார்கள், நம் பாட்டன் பூட்டன் நாழிகை எண்ணியது மாதிரி. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டால் இங்கே யாரும் வியப்பதில்லை, சூரியன் உதித்த பிறகு எண்ணாமல் வேறெப்போது எண்ணுவார்கள் என்று திருப்பிக் கேட்கிறார்கள். அறுபத்திரண்டு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அறுபத்திரண்டு தலைகளின் உச்சி. ஒன்பது வருஷமாக இந்த உச்சிகளைப் பார்த்தே ஒரு மனிதன் ஒரு நாட்டை நேசிக்கப் பழகிவிட முடியும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். சீட்டில் இருப்பது ஒரே வரி: முதல் அரைமணி நேரத்துக்குள் ஏழாவது கேள்வி ரத்து என்று அறிவிக்கவும். கீழே துறைத் தலைவர் மெலாகுவின் கையெழுத்து. நேற்று மாலை மெலாகு தன் அறையில் உட்கார வைத்துச் சொன்னது: "மணி, உன் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. நான் அதைப் படிக்கவே இல்லை. மேலே படித்திருக்கிறார்கள்." மேலே என்றபோது அவர் விரல் கூரையைக் காட்டியது, கூரையில் ஒரு பல்லி இருந்தது. "உங்கள் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதே, முப்பத்தொன்பதாவது பிரிவு, எந்த இனமும் விரும்பினால் பிரிந்து போகலாம் என்று. நான் போகச் சொல்லவில்லையே, போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத்தானே சொல்கிறேன்?" என்று இவர் கேட்டார். மெலாகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாசனத்தில் இருப்பது வேறு மணி, கேள்வித்தாளில் இருப்பது வேறு. சாசனத்துக்கு யாரும் மூன்று மணி நேரத்தில் விடை எழுத வேண்டியதில்லை." பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில், "உன் ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவம் என் மேசையில்தான் இருக்கிறது. நாளை மதியம் கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இப்படி மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

கேள்வி இதுதான். ஏழு: இந்நாட்டின் பிராந்தியங்களுள் ஏதேனும் ஒன்று பிரிந்து செல்வதாகக் கொள்க. (அ) செல்வோர் இழப்பது என்ன? (ஆ) இருப்போர் இழப்பது என்ன? (இ) இரண்டு இழப்பையும் கூட்டினால் வரும் தொகை யாருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது? பத்து மதிப்பெண். கூட்டல், கழித்தல். அதற்கு மேல் எதுவுமில்லை. காபி ஒரு பக்கம் விளைகிறது, எள் ஒரு பக்கம், கடலுக்குப் போகும் சாலை ஒரு பக்கம், அந்தச் சாலையில் ஓடும் லாரிகளின் உரிமையாளர்கள் இன்னொரு பக்கம். இந்த நாடு ஏற்கெனவே ஒரு முறை கழித்துப் பார்த்த நாடு. வடக்கே ஒரு துண்டு தனிநாடாகப் போயிற்று, அதோடு கடலும் போயிற்று. கடலைப் பார்த்தவர்கள் கைதூக்குங்கள் என்று ஒருநாள் வகுப்பில் கேட்டார். அறுபத்திரண்டு பேரில் ஒரே ஒரு கை, அதுவும் பாதி தூக்கி, சினிமாவில் பார்த்தது சேருமா சார் என்றது. கழித்தலுக்கு இவ்வளவு பயப்படுகிற ஒரு நாட்டை, இல்லை, நாடு எங்கே பயந்தது, பல்லிதான் பயந்தது, என்று திருத்திக்கொண்டார். மனசுக்குள் பேசும்போதும் எழுவாய் சரியாக இருக்க வேண்டும். கேள்வியை எழுதியது யார்? தெய்வசிகாமணியா? அங்கேதான் அவர் நினைப்பு ஒவ்வொரு முறையும் முள்ளில் மாட்டிய வேட்டியாக நின்றது. எழுதியது அப்பா. குமாரபாளையத்தில் கூட்டுறவு நூற்பாலை எழுத்தராக இருந்த நாச்சிமுத்து. தெற்கு தனியாகப் போக வேண்டும் என்று ஒரு காலத்தில் மேடைக்கு மேடை முழங்கினார்களே, அந்தக் காலத்தில் அப்பா மேடை ஏறவில்லை, கொடி பிடிக்கவில்லை, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். வரப்போகும் நாட்டுக்கு என்னென்ன உண்டு, என்னென்ன இல்லை என்று எழுதத் தொடங்கினார். பக்க எண்களைத் தமிழ் எண்ணில் போட்டார், க, உ, ங என்று, புது நாட்டுக்கு அதுதானே மரியாதை. உப்பு உண்டு. மீன் உண்டு. மஞ்சள் உண்டு. நூல் உண்டு, தன் ஆலையிலேயே உண்டு. பதினோராம் பக்கத்தில், நூலுக்கு நேரே, ஓரத்தில், பென்சிலில் இரண்டு வார்த்தை: பஞ்சு எங்கிருந்து? ஆலைக்கு வந்த பஞ்சு மூட்டைகளின் மேலிருந்த ஊர்ப் பெயர்களெல்லாம் வடக்கத்திப் பெயர்கள் என்பது அந்த எழுத்தருக்குத் தெரியும், அவர்தான் மூட்டையைப் பதிவு செய்தவர். அதற்குப் பிறகு நோட்டில் கணக்கு இல்லை. அறுபத்து மூன்றில் கோரிக்கை கைவிடப்பட்டபோது அப்பா அந்த நோட்டைக் கிழிக்கவுமில்லை, கொளுத்தவுமில்லை, மிச்சப் பக்கங்களில் மழை அளவு குறித்துவந்தார். தேதி, இத்தனை அங்குலம். ஒரு தனிநாடு அப்படியே மழைக்கணக்காக மாறிப்போனது. ஆனால் பென்சில் கேள்வியை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி யாரும் அவருக்குச் சீட்டு அனுப்பவுமில்லை.

"டாக்டர், அறிவித்துவிட்டீர்களா?" வாசலில் எத்தேனேஷ், துறையின் செயலாளர். ஐம்பதை நெருங்கும் பெண், தலையில் வெள்ளைத் துண்டு, கையில் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் காபி. மணி ஒன்பது இருபது. இல்லை என்று இவர் தலையசைத்தார். "அவர் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். இது அபோல்" என்று கோப்பையைக் கொடுத்தாள். இங்கே காபி மூன்று சுற்று. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரகா, அதாவது ஆசி. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்துபோகிறவன் ஆசியை உதறிவிட்டுப் போகிறான். எத்தேனேஷின் இன்னொரு பொறுப்பு துறை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. வரி வரியாகப் பள்ளம் வெட்டிய கறுப்புப் பலகை, பள்ளங்களில் பெயர் எழுதிய பட்டைகளைச் செருக வேண்டும். யாராவது வேலையை விட்டுப் போனால் அன்று மாலைக்குள் பட்டையை உருவிவிட்டு, கீழே இருப்பவர்களை ஒவ்வொருவராக மேலே ஏற்றிவிடுவாள், ஓட்டை தெரியாது. அப்படித்தான் பதினேழாவது வரியில் நுழைந்த தெய்வசிகாமணி ஒன்பது வருஷத்தில் பதினோராவது வரிக்கு வந்திருக்கிறார், எந்த ஆய்வுக் கட்டுரையின் தயவுமில்லாமல். காபி கசந்தது, நன்றாக இருந்தது. ஒன்பது முப்பதுக்கு இன்னும் பத்து நிமிஷம். தொண்டையைச் செருமினால் போதும், அறுபத்திரண்டு தலையும் நிமிரும். அவர் செருமவில்லை. அடக்கிக்கொண்டதில் கண்ணில் தண்ணீர் வந்தது.

அறையின் பின்கோடியிலிருந்து இன்பராஜ் வந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. நாகர்கோவில்காரர், புள்ளியியல் துறை, இன்றைக்குத் துணைக் கண்காணிப்பாளர். இந்த ஊரில் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள், அதுவும் வேறு தமிழ். "ஓய், அந்தச் சீட்ட எடுத்து வாசிச்சுத் தொலையும்வே. ஒத்த வரி. வாசிச்சா தொண்டையா கிழிஞ்சிரும்?" என்றார் காதோரம். "வாசிக்க முடியாதுங்க." "ஏன் முடியாது? நீரு என்ன இந்த நாட்ட உண்டாக்குனவரா? இவனுவ சேந்து இருந்தா என்ன, பிரிஞ்சு போனா என்ன, நமக்கு மாசம் ஒண்ணாந்தேதி வந்தா சரி. உமக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. இங்கேருந்து அனுப்புனா குமாரபாளையத்துல போயி என்ன செய்வீரு? தறி ஓட்டுவீரா?" "தறியெல்லாம் எனக்கு ஓட்டத் தெரியாதுங்க." "அதத்தானவே சொல்லுதேன்." இரண்டு பேரும் வாயை மூடிச் சிரித்தார்கள். 'வே' போடுகிறவரும் 'ங்க' போடுகிறவரும் ஒரே மாநிலம் என்று இங்கே யாரிடமாவது சொன்னால் எப்படி நம்புவார்கள், நாமே எப்படி நம்பினோம்? மணி ஒன்பது முப்பத்தொன்று. போயிற்று. அவ்வளவுதான், அரைமணி முடிந்தது, எதுவும் இடிந்து விழவில்லை, மின்விசிறி சுற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து மனைவி தமயந்தி போனில் கேட்டாள், "ஏனுங்க, அங்க நாடே ரெண்டாப் போவுதாமா? டிவில காட்டுனாங்க." "ரெண்டா இல்லெ தமயந்தி, ஒம்பது பிராந்தியம், போனா ஒம்பதாப் போகும்." அவள் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நீங்க எந்த நாட்டுக்குங்க வாத்தியாரு?" முப்பது வருஷம் ஒருத்தியோடு வாழ்ந்தாலும் அவள் எப்போது இப்படிக் கேட்பாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குப் பத்து மதிப்பெண் போதாது. எந்த நாட்டுக்கு? இங்கே வந்த முதல் வருஷம் பெயர் கேட்டார்கள், தெய்வசிகாமணி நாச்சிமுத்து என்றார், இரண்டாவது அப்பா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று விளக்கத் தொடங்கினார், லண்டன் மாநாட்டில் கால்மணி நேரம் விளக்கியும் புரியாத விஷயம் அது. எத்தேனேஷ் பேனாவை நிறுத்தாமல், "ஆமாம், வேறெப்படி இருக்கும்?" என்றாள். இங்கேயும் அப்படித்தான், தன் பெயர், அப்பா பெயர், முடிந்தது. அந்த நிமிஷம் ஏதோ வீட்டுக் கதவு திறந்த மாதிரி இருந்தது. அப்படித் திறந்த கதவை ஒரு துண்டுச்சீட்டு சாத்திவிடுமா?

எழுதும் சத்தம். அறுபத்திரண்டு பேனாக்கள் எழுதினால் தறிச்சத்தம் கேட்காது, தூரத்து வயலில் வெட்டுக்கிளி மேய்கிற மாதிரி ஒன்று கேட்கும். ஆங்கில அகரவரிசைப்படி உட்கார வைத்திருந்தார். பிராந்தியவாரியாகத் தனித்தனி அறையில் உட்கார வைக்கலாமே, பாதுகாப்பாக இருக்குமே என்று இரண்டு வாரம் முன்பு ஒரு யோசனை சுற்றறிக்கையாக வந்தது. உலகத்தில் கட்சி சேராமல் மிஞ்சியிருப்பது அகரவரிசை ஒன்றுதான் என்று பதில் எழுதினார், பதிலுக்குப் பதில் வரவில்லை. ஆகவே ஹாகோஸ் வடக்கன், அவனுக்கு முன்னால் கெமெச்சு மேற்கத்தியான். போன வருஷம் வரை ஒரே தட்டு. இப்போது உணவகத்தில் ஒருவன் உள்ளே வந்தால் மற்றவன் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான். சற்று முன்பு ஹாகோஸின் பேனா தீர்ந்துபோய் உதறினான், மறுபடி உதறினான், கெமெச்சு திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேல் ஒரு பேனாவை நீட்டினான், இவன் வாங்கிக்கொண்டான். நன்றியும் இல்லை, முகமும் இல்லை, பேனா மட்டும் ஓர் எல்லையைக் கடந்தது. சுங்கம் கிடையாது. தட்டு, பேனா, தட்டு. அந்த முதல் வருஷம் துறை விருந்தில் ஒரே தட்டைச் சுற்றி உட்காரச் சொன்னபோது தெய்வசிகாமணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதும் உண்மை. எட்டுக் கை, எட்டு எச்சில். தனித்தனி இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலையில் சோறு சிந்தினால் முகம் சுளித்து, அப்படியே ஒற்றுமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஊரிலிருந்து வந்தவர் அவர். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னார். எத்தேனேஷ் விடவில்லை. ஒரு துண்டு இஞ்செராவில் பருப்பைச் சுருட்டித் தன் கையாலேயே அவர் வாயில் திணித்தாள். அதற்கு குர்ஷா என்று பெயர், பெரிய கவளமாக இருந்தால் பெரிய பிரியம். வாய்கொள்ளாத பிரியம். மெல்ல முடியாமல் கண் பிதுங்கியவரைப் பார்த்துத் துறையே கைதட்டியது. இரண்டு வருஷம் ஆயிற்று அவருக்குப் பழக. பழகியபின் ஊருக்குப் போனபோது தமயந்தியின் இலையில் கைநீட்டி ஒரு வாய் எடுத்தார். "ஏனுங்க, கிறுக்குப் புடிச்சுப் போச்சுங்களா?" பழகிய மனிதரைப் பார்த்து இப்போது சின்னத் தட்டு வாங்கியிருக்கிறோம் என்கிறார்கள். முடியாது.

"தோனா" என்றாள் எத்தேனேஷ். பத்து இருபது. இந்த முறை கேட்கவில்லை, கோப்பையை நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்தாள். "அவர் கோபமாக இருக்கிறாரா?" "பயமாக இருக்கிறார். போனில் நின்றுகொண்டே பேசுகிறார்." அவள் போன பிறகுதான் பயம் இவருக்கும் வந்தது, தனக்காக அல்ல, அது எப்போதோ வந்து வயிற்றில் ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்துவிட்டது. இது வேறு. துக்காலே. மூன்றாவது வரிசை, சன்னலோரம், காபி விளையும் மலையிலிருந்து வந்தவன், கழுத்தில் பழுப்புச் சால்வை. போன பருவத்தில் ஒரு கருத்தரங்கில் எழுந்து நின்று, எங்கள் காபி எந்த விலைக்குப் போகிறது என்று எங்களுக்கு ஏன் சொல்வதில்லை என்று கேட்டான். மறுநாளிலிருந்து எட்டு நாள் காணோம். திரும்பி வந்தவனிடம் எங்கே போனாய் என்று கேட்டார். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றான். அவனுக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லை. அதற்குப் பிறகு வகுப்பில் அவன் வாயைத் திறந்தது வருகைப் பதிவுக்கு மட்டும். இப்போது துக்காலே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேள்வித்தாளின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு அங்கேதான் இருக்கிறது. எழுதாதே என்று தோன்றியது, எழுது என்றும் தோன்றியது, இரண்டும் ஒரே மூச்சில். எழுதாதே என்றால் இத்தனை வருஷம் என்ன பாடம் நடத்தினாய்? எழுது என்றால் அவனுடைய எட்டு நாளுக்கு யார் பொறுப்பு, நாகர்கோவில்காரர் சொல்கிற மாதிரி உனக்கென்ன, விமானத்தில் ஏறிப்போய்விடுவாய், அவன் எங்கே ஏறுவான்? அப்பாவின் நோட்டைப் படித்தது அப்பா மட்டும். இந்த விடைத்தாளை யார் யார் படிப்பார்கள்? மேலே படித்திருக்கிறார்கள், மேலே படிப்பார்கள். அப்படியானால் சீட்டை வாசித்துவிடு. வாசித்தால் எல்லாரும் பத்திரம். எல்லாரும் பத்திரமாகச் சின்னத் தட்டில் சாப்பிடலாம். துக்காலே விடைத்தாளில் புதுப் பக்கம் திருப்பினான். மேலே ஏழு என்று எழுதினான், அடியில் கோடு போட்டான். இரண்டு வரி எழுதினான். நின்றான். தாள்களைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தான். அங்கே உச்சியில் மூன்று வரி: பெயர், தந்தை பெயர், பிராந்தியம். மூன்றாவது வரி இந்த வருஷம்தான் வந்தது. அவன் இடது கை மெதுவாக மேலே ஏறி அந்த மூன்று வரியின் மேலும் விரித்துப் படுத்தது, மழையில் நடக்கிறவன் பையில் இருக்கும் கடிதத்தைப் பொத்துவது மாதிரி. வலது கை பின்பக்கத்துக்கு மடித்துப் போய் ஏழாவது விடையைத் தொடர்ந்தது. வசதியாக இல்லை, முழங்கை இடித்தது, ஆனாலும் அந்த இடது கையை அவன் எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று தெரியாது. விரல்நகத்தில் மை. கட்டைவிரல் பிராந்தியத்தின் மேல். ஒரு பையன் தன் அப்பாவின் பெயரைக் கையால் மூடிக்கொண்டு கழித்தல் கணக்குப் போடுகிறான். வெட்கமாக இருந்தது, வெட்கம் சூடேறிச் சூடேறி வேறொன்றாக மாறியது. எதற்கு அவன் மூட வேண்டும்? மூடுவதற்கு நம் ஊரில் ஆள் போட்டிருக்கிறார்களே! பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாம்களில் கோடைதோறும் பதினைந்து நாள் உட்கார்ந்தவருக்கு அது எப்படி இத்தனை நேரம் தோன்றாமல் போயிற்று? பெயர் இருக்கும் துண்டைக் கிழித்து எடுத்துக்கொள்வார்கள், தாளிலும் துண்டிலும் ஒரே எண்ணைப் போடுவார்கள், திருத்துகிறவனுக்கு எண் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. டம்மி நம்பர். ஒன்றுக்கும் உதவாத சடங்கு, தலைவலி என்று அன்றைக்கு எல்லாரும் திட்டினோம். மேசைக்குப் போய் இரும்பு ஸ்கேலை எடுத்தார். தொண்டையைச் செருமினார். அறுபத்திரண்டு தலை நிமிர்ந்தது. அறுபத்திரண்டு முகம். "ஓர் அறிவிப்பு" என்றார் ஆங்கிலத்தில். கடைசி வரிசையில் இன்பராஜ், அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். "ஏழாவது கேள்வி கட்டாயமில்லை. ரத்தும் இல்லை. எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். இப்போது உங்கள் ஒவ்வொருவரிடமும் வருவேன், தாளின் மேல்பகுதியை எடுத்துக்கொள்வேன். எழுதுவதை நிறுத்த வேண்டாம்." முதல் மேசையில் அப்தி. ஸ்கேலை மூன்று வரிக்குக் கீழே வைத்து அழுத்தி ஒரே இழுப்பு. சர்ர் என்று கிழிந்தது, சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தாளில் க, துண்டில் க. அடுத்தது உ. அடுத்தது ங. இன்பராஜ் ஓடிவந்தார். "என்னவே செய்யுதீரு?" "டம்மி நம்பர் போடறனுங்க." "இங்க அந்த வழக்கமே கெடயாதேவே!" "இன்னியிலிருந்து இருக்கட்டுங்க." "அதுவும் தமிழ் எண்ணுலயா? எவனுக்குவே வாசிக்கத் தெரியும்?" "அதுக்குத்தானுங்க." கையெழுத்தை வைத்தும் ஆளைக் கண்டுபிடிக்கலாம்தான். அதற்கு அறுபத்திரண்டு விடைத்தாளையும் முழுக்கப் படிக்க வேண்டும், அவ்வளவு படிக்கிற பொறுமை உள்ளவர்கள் அந்த வேலைக்குப் போவதில்லை. இன்பராஜ் அவரைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "நான் ஒண்ணையும் பாக்கல கேட்டீரா" என்று சொல்லியபடியே மேசையிலிருந்து இன்னொரு ஸ்கேலை எடுத்தார். "பின்வரிசைய நான் கிழிக்கேன். எண்ண நீரு வந்து போடும், எனக்கு அஞ்சுக்கு மேல தெரியாது." துக்காலேயின் மேசைக்கு வந்தபோது அவன் கை இன்னும் தாளின் மேல் இருந்தது. "எடுங்க தம்பி" என்று தமிழிலேயே சொன்னார், வாயில் அதுதான் வந்தது. அவன் புரிந்துகொண்டு கையை எடுத்தான். துண்டு கிழிந்து வந்தது, துக்காலே, அவன் அப்பா பெயர், மலை, மூன்றும் இவர் உள்ளங்கையில். தாளில் போட்ட எண்ணைப் பையன் உற்றுப் பார்த்தான். "இது என்ன, சார்?" "பதினொன்று. என் அப்பாவின் கையெழுத்தில்." அவன் சிரித்தானா என்று சொல்ல முடியாது, குனிந்துவிட்டான். இப்போது இரண்டு கையும் மேசையின் மேல் இருந்தன.

பதினொன்றரைக்கு எத்தேனேஷ் வந்தபோது கிழிக்க எதுவும் பாக்கியில்லை. அறுபத்திரண்டு துண்டும் அவர் கால்சட்டைப் பையில், இடது பையில் முப்பது, வலது பையில் முப்பத்திரண்டு, நடந்தால் சருகுச் சத்தம். இன்று ராத்திரியோடு தானே தாள்களைத் திருத்தி, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஏற்றிவிடலாம், துண்டுகள் பிறகு அடுப்புக்கு, கரிக்கட்டை அடுப்பு பொறுமையாக எல்லாவற்றையும் படிக்கும். இன்னும் அரைமணி நேரம். அதற்குள் ஏழாவது கேள்வி எழுதியவர்களை எண்ண வேண்டாம் என்று உறுதி செய்துகொண்டார், செய்துகொண்டபடியே எண்ணினார், முப்பதுக்கு மேல் எண்ணாமல் விட்டார். ஹாகோஸ் எழுதிக்கொண்டிருந்தான், கெமெச்சுவின் பேனாவில். எதிரெதிர் விடை எழுதுவார்களாக இருக்கும். எழுதட்டும். (அ)விலும் (ஆ)விலும் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் (இ)க்கு வருவார்கள் இல்லையா, அங்கே இரண்டு பேரும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசிப்பார்கள் இல்லையா, அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் கேள்வி. போகிறவன் தன் நூலைப் பார்த்துப் போகிறான், இருக்கிறவன் தன் பஞ்சைப் பார்த்து இருக்கிறான், நடுவில் நின்று மூட்டை தூக்குகிறவனையும் மூட்டைக்கு முத்திரை குத்துகிறவனையும் இரண்டு பேரும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டுப் போகட்டும். பார்த்துவிட்டு இருக்கட்டும். எண்ணிப் பார்த்தபின் பிரிந்தால் அது பிரிவு, எண்ணாமல் பிரித்தால் உடைசல். எண்ணாமல் ஒட்டிவைத்திருந்தாலும் உடைசல்தான், சத்தம் பிறகு கேட்கும், அவ்வளவே வித்தியாசம். எத்தேனேஷ் அவர் பைகளின் புடைப்பைப் பார்த்தாள். மேசையில் இருந்த தலையில்லாத தாள் ஒன்றைப் பார்த்தாள். "என்ன சொல்லட்டும் அவரிடம்?" தெய்வசிகாமணி துண்டுச்சீட்டை வெளியே எடுத்தார். மூன்று மணி நேர வியர்வையில் ஓரம் மடங்கியிருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினார்: ஏழாவது கேள்வி இருக்கிறது. கீழே தெய்வசிகாமணி நாச்சிமுத்து என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார், ஒன்பது வருஷமாகப் போட்ட குறுங்கையெழுத்து அல்ல. அவள் வாங்கிப் படித்தாள். மடித்தாள். மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, "முதலில் இதைக் குடியுங்கள்" என்று மூன்றாவது கோப்பையை நீட்டினாள். மூன்றாவது சுற்று என்றால் மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தது, மெலிந்திருக்கும், காபியின் நினைவு மாதிரி இருக்கும். நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவள் காத்திருந்தாள். கோப்பையை வாங்கிக்கொண்ட பிறகுதான் மெலாகுவின் அறைப்பக்கம் நடந்தாள், அவசரமில்லாமல். "முடிஞ்சுதுவே உம்ம கதை" என்றார் இன்பராஜ், தன் வரிசையிலிருந்து, உதட்டை மட்டும் அசைத்து. "ஆமாங்க" என்றார் இவர். வெளியே ஒரு பஜாஜ் ஆட்டோ கத்திக்கொண்டு போயிற்று, ஊரிலிருந்து கப்பலேறி, இன்னொரு நாட்டின் துறைமுகத்தில் இறங்கி, பாலைவனச் சாலையில் லாரி ஏறி இவ்வளவு தூரம் வந்த வண்டி. அதன் டயர் எங்கிருந்து, கண்ணாடி எங்கிருந்து என்று கேட்டுக்கொண்டே சன்னலருகே நின்றார். முதுகு வலித்தது. நேரம் முடிந்தது என்று சொல்ல இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது, அந்த ஏழைத் தானே கூட்டிப் பதினைந்தாக்கினார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் துறை வாசல் பெயர்ப்பலகையில் பதினோராவது வரியில் பட்டை இல்லை. பன்னிரண்டாவது பெயர் பன்னிரண்டாவது வரியிலேயே இருந்தது.